கக்கூசுக் குழிக்குள் ஒரு முதுமாணிப் பட்டம்

குழி தோண்டும் அலவாங்கு மண்ணுக்குள் இறங்கும்போது எழும் ஓசை இடத்துக்கு இடம் மாறும். மணலில் அது பெருமூச்சைப் போலிருக்கும். களிமண்ணில் சப்பென்று ஒட்டும். கல்லில் பட்டால் பிடித்திருக்கும் கைக்கே வலிக்கும். அன்று காலை விடத்தல்தீவில், அக்காவின் காணி மூலையில், அத்தானின் கையிலிருந்த அலவாங்கு எழுப்பிய ஓசை இவற்றில் எதுவுமில்லை. வெறும் பானையை விரலால் சுண்டினாற்போல 'டங்' என்றது. கொட்டில் வாசலில் குந்தியிருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த நான், கோப்பையைக் கீழே வைத்தேனா கொட்டினேனா என்று இன்றைக்கும் தெரியாது. ஓடிப்போய்க் குழியின் விளிம்பில் முழங்காலில் விழுந்து, "அத்தான், கொத்தாதேங்கோ!" என்று கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. அத்தான் அலவாங்கைப் போட்டுவிட்டு ஒரே பாய்ச்சலில் குழிக்கு வெளியே வந்து நின்றார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் ஒருவர் 'கொத்தாதேங்கோ' என்று கத்தினால் அதற்கு ஒரேயொரு அர்த்தந்தான் இருந்தது.

"வெடியோ?" என்று கேட்டார். முகம் வெளிறியிருந்தது.

"இல்லை அத்தான். பானை."

அடுப்படியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்த அக்கா, இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "பானையோ? ஒரு பானைக்கோ இந்தக் கத்துக் கத்தினனீர்? நான் மனுசன் போச்சுது எண்டெல்லோ நினைச்சன்!" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். அக்காவின் சிரிப்பு இறங்குதுறை வரைக்கும் கேட்கும். அன்று அது வழக்கத்தைவிட நீண்ட நேரம் கேட்டது.

அக்கா எனக்கு இரத்த உறவில்லை. நான் நானாட்டான் பக்கத்து வயற்காரக் குடும்பத்துப் பிள்ளை. எங்கள் வீட்டில் நெல்லைப் பற்றியும், குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதைப் பற்றியும், உழவு இயந்திரத்தின் எந்தப் பகுதி புதிதாகப் பழுதாகியிருக்கிறது என்பதைப் பற்றியும்தான் பேச்சு. மண்ணைக் கிண்டினால் அதில் எதையாவது விதைக்க வேண்டும் என்பது அப்பாவின் கொள்கை. தொல்லியலில் முதுமாணிப் படிப்புக்குப் போகப்போகிறேன் என்று நான் சொன்னபோது, "கிண்டிப்போட்டுத் திரும்ப மூடிப்போட்டு வாறதுதானே? சரி, போ" என்றார். அப்பாவிடமிருந்து கிடைத்த அனுமதி அவ்வளவுதான். ஆனாலும் அவர் நினைத்ததைவிட அதில் உண்மை அதிகம் இருந்தது.

போர் முடிந்து, முகாம்களில் இருந்த சனம் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கள் தங்கள் காணிகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. என் ஆய்வுத் தலைப்பு பெரியது. மன்னார்க் கரையோரத்தில் பழைய காலத்தில் நடந்த கடல் வணிகம். எந்தெந்த நாட்டுக் கப்பல்கள் வந்தன, என்னென்ன ஏற்றின, எவற்றை இறக்கின என்றெல்லாம் எழுதப்போவதாக எனக்குள்ளே ஒரு கனவு இருந்தது. கையில் இருந்ததோ ஒரு தோள்பையும் அளவு நாடாவும்தான். கண்ணிவெடி அகற்றி முடிந்த நிலங்களில் நடந்து, மேலே கிடக்கும் பழைய மட்பாண்டத் துண்டுகளைப் பொறுக்கி, எது எங்கே கிடந்தது என்று வரைபடத்தில் குறிக்க வேண்டும். அதற்கு விடத்தல்தீவில் தங்க ஓர் இடம் தேடியபோது பங்குத்தந்தை காட்டியது அக்காவின் வீட்டை.

வீடு என்று சொல்வது மரியாதைக்காகத்தான். இடப்பெயர்வில் அவர்கள் விட்டுப்போன கல்வீட்டில் மிஞ்சியிருந்தவை வாசற்படியும் கிணறும் மட்டுமே. தகரத்தால் மறைத்து, மேலே தறப்பாள் போட்ட ஒரு கொட்டில். அதற்குப் பின்னால் இன்னொரு தறப்பாளின் கீழ் அடுப்படி. அதற்குள் அக்கா, கடலுக்குப் போய்வரும் அத்தான், இரண்டு பெண்பிள்ளைகள். அவர்களோடு நானும் ஒருத்தியானேன். நெருக்கம் என்று நான் தயங்கியபோது, "முகாமில இதைவிடச் சின்னக் கொட்டிலில இதைவிடக் கன சனம் இருந்தனாங்கள். நீர் ஒல்லிதானே, ஒரு பாய்க்குள்ள மூத்தவளோட படுத்திடுவீர்" என்று அக்கா முடிவைச் சொல்லிவிட்டார்.

என் வேலை அவருக்கு ஓயாத வேடிக்கை. மாலையில் நான் பையைக் கவிழ்த்துத் துண்டுகளைக் கழுவிக் காயவைக்கும்போது வந்து நின்று பார்ப்பார். "உடைஞ்ச சட்டியைச் சனம் கொண்டுபோய் எறியும். அதைப் பொறுக்கிக்கொண்டு வர உமக்கு ஒரு பல்கலைக்கழகம்!" என்பார். பிறகு, அந்தத் துண்டுகளில் பாசி பிடித்திருந்தால் தானே உட்கார்ந்து தும்பால் தேய்க்கத் தொடங்குவார். மெதுவாகத் தேய்க்கச் சொல்லி நான் கெஞ்ச வேண்டியிருக்கும்.

அந்த வீட்டில் எல்லோரும் சிரித்துப் பேசியபடி இருந்தாலும், பேசப்படாத சங்கடம் ஒன்று இருந்தது. மலசலகூடம் இல்லை. ஆண்களுக்கு அது பெரிய விடயமல்ல. பெண்கள் விடிவதற்கு முன்பே எழுந்து, வெடி எடுத்து முடித்த பாதையில் ஒருவர் பின் ஒருவராக நடந்து பற்றைகளுக்குள் போக வேண்டும். விடிந்துவிட்டால் பிறகு பொழுது படும்வரை காத்திருக்க வேண்டும். நானும் அந்த வரிசையில் நடந்தேன். மூத்தவளுக்குப் பதினைந்து வயது. போகும்போதும் வரும்போதும் அவள் தலையை நிமிர்த்துவதே இல்லை. மற்ற நேரங்களில் வாயாடியாகிய அந்தப் பிள்ளை அந்தப் பாதையில் மட்டும் ஒரு சொல் பேசமாட்டாள்.

அதனால்தான் ஊர் திரும்பியவர்களுக்கான வீட்டுத் திட்டத்தில் அக்காவின் பெயர் வந்தபோது, அவர் வீட்டைவிட மலசலகூடத்தைப் பற்றித்தான் அதிகம் கதைத்தார். திட்டத்தின் விதி ஒன்று இருந்தது. முதலில் மலசலகூடக் குழி வெட்டி வளையம் இறக்க வேண்டும். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து அதைப் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் வீட்டு வேலைக்கான பொருட்கள் வரும். அடுத்த முறை அவர் வரும்போது குழி தயாரில்லையென்றால் அக்காவின் முறை பின்னுக்குப் போய்விடும். குழி கிணற்றிலிருந்து தள்ளியும் இருக்க வேண்டும். அக்காவின் காணி ஒடுங்கலானது. கிணறு ஒரு பக்கம், வீட்டுக்குக் குறித்த நிலம் நடுவில். மிஞ்சியது ஒரேயொரு மூலை. அந்த மூலையில்தான் அத்தானின் அலவாங்கு 'டங்' என்றது.

நான் குழிக்குள் இறங்கிக் கையாலும் தூரிகையாலும் மண்ணை விலக்கினேன். பானையில்லை. தடித்த சுடுமண் வளையம் ஒன்றின் விளிம்பு வட்டமாக வளைந்து போனது. அதற்குக் கீழே இன்னொன்று. ஒன்றின் உதட்டில் மற்றது சரியாகப் பொருந்தி உட்கார்ந்திருந்தது. பழைய காலத்தில் கிணற்றுச் சுவராக அடுக்கிய, புத்தகங்களில் படமாக மட்டுமே நான் பார்த்திருந்த உறைகிணற்று வளையங்கள். மேலே, குழிக்குப் பக்கத்தில், திட்டக்காரர் கொண்டுவந்து இறக்கிய சீமெந்து வளையங்கள் அடுக்கிக் கிடந்தன. அத்தான் அவற்றையும் இவற்றையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்குச் சொல்லாமல் முதலே போட்டு வச்சிட்டாங்களோ?" என்று கேட்டார். அவர் பகிடிக்குக் கேட்கவில்லை.

அந்தச் சந்தோசம் மதியச் சாப்பாடு வரைக்கும்தான் இருந்தது. சுறா வறையும் சோறும் போட்ட தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

"அக்கா, இதைப் பழம்பொருள் கந்தோருக்கு அறிவிக்கோணும். சட்டம் அப்பிடி. அவை வந்து பாக்குமட்டும் மேற்கொண்டு கிண்டக்கூடாது."

"அறிவிச்சால்?"

"வந்து பாப்பினம்."

"பாத்திட்டு?"

அக்கா அகப்பையைச் சட்டிக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"இதுக்குள்ள ஆமி இருந்தவன். போயிட்டான். பிறகு வெடி எடுக்கிறவை வந்து நூல் கட்டினவை. அவையும் போயிட்டினம். இப்பதான் இது என்ர வளவு எண்டு நான் காலை ஊண்டி நடக்கிறன். இனி நீர் நூல் கட்டப் போறீரோ?"

அந்த வீட்டில் சத்தமில்லாத ஒரு பிற்பகலை நான் அதற்கு முன் கண்டதில்லை. சின்னவள்கூடக் கிசுகிசுத்தாள். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அத்தான், அக்கா கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து, "மண்ணைப் போட்டு மூடிப்போட்டு, பக்கத்தில கொஞ்சம் தள்ளி வெட்டினால் ஆருக்குத் தெரியும், பிள்ளை?" என்று மெதுவாகக் கேட்டார். தள்ளி வெட்ட இடமில்லை என்பது அவருக்கே தெரியும். "எனக்குத் தெரியுமே, அத்தான்" என்றேன். அந்த மனிதர் கோபிக்கவில்லை. "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு வலையைப் பொத்தத் தொடங்கினார். நான் சாமான்களைப் பையில் அடுக்கினேன். காலையில் முதல் பஸ்ஸில் நானாட்டானுக்குப் போய்விட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். இவர்களின் சோற்றைத் தின்று இவர்களின் வீட்டுக்கே குறுக்கே நிற்கிறேனே என்றிருந்தது.

காலையில் எழும்பியபோது அக்கா கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டி, தலை வாரி, வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். முதல் நாள் உடைந்து தனியாக வந்த வளையத் துண்டு.

"வெளிக்கிடும்" என்றார்.

"எங்கை அக்கா?"

"கந்தோருக்கு. ஒளிச்சு வச்சால் ஒவ்வொரு நாளும் ஆர் வருகினம் எண்டு படலையைப் பாத்துக்கொண்டெல்லோ இருக்கோணும்? எனக்குப் பயந்து பயந்து அலுத்துப்போச்சு, பிள்ளை. ஆரும் போய்ச் சொல்லமுதல் நானே போய்ச் சொல்லுறன்."

மன்னார் போகும் பஸ்ஸில் அவர் என் பையைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டார். கோபம் தீர்ந்துவிட்டது என்பதற்கு அது போதுமாயிருந்தது.

கந்தோரில் இருந்த அதிகாரி தென்பகுதியிலிருந்து மாற்றலாகி வந்த இளைஞர். தமிழை நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசினார். நான் ஆய்வு, மண்ணடுக்கு, உறைகிணறு என்று தொடங்குவதற்குள் அக்கா பொட்டலத்தை மேசையில் விரித்துவிட்டார்.

"சேர், என்ர வளவில பழைய காலத்துச் சாமான் கிடக்கு. ஒளிக்காமல் சொல்லுறன். ஆனா எனக்கு அந்தக் கக்கூசுக் கிடங்கு வேணும். ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள் இருக்கு. விடியமுதல் பத்தைக்குள்ள போற சீவியம் எங்களுக்குக் காணும். நீங்கள் வாங்கோ, பாருங்கோ, படம் எடுங்கோ, எங்கட வீட்டில சாப்பிடுங்கோ. 'உள்ள வரக்கூடாது' எண்டு பலகை மட்டும் நட்டுப்போடாதேங்கோ."

அந்த இளைஞர் வளையத் துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "எங்க ஊர்ல எங்க வெட்டினாலும் இப்படித்தான், அம்மா. எங்க வீட்டுக் கிடங்கு வெட்டின நேரமும் என்னோட அம்மா இப்படித்தான் சண்டை போட்டாங்க" என்றார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்போது வந்த நிம்மதியை என்னால் மறக்க முடியாது. அதிகாரி என்ற சொல்லுக்குள் அம்மா உள்ள ஒருவர் இருப்பார் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

சொன்னபடி அவர் வந்தார், குழிக்குள் இறங்கிப் பார்த்தார், கணவாய்க் கறியோடு இரண்டாம் முறையும் சோறு வாங்கிச் சாப்பிட்டார். குடியிருக்கும் சனத்துக்குத் தேவையான இடம் என்பதால் காணியை மறிக்க வேண்டியதில்லை என்று தன் மேலிடத்தில் பேசி அனுமதியும் வாங்கித் தந்தார். பல்கலைக்கழகம் முறைப்படி அகழ்ந்து, எல்லாவற்றையும் பதிவு செய்து, வளையங்களை எடுத்துக்கொண்டு போகலாம். அதற்குப் பிறகு குழி அக்காவுக்கு. ஆனால் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வருவதற்கு முன், மாரி மழை தொடங்குவதற்கு முன், எல்லாம் முடிய வேண்டும்.

என் மேற்பார்வையாளர், நாங்கள் 'சேர்' என்று மட்டும் அழைக்கும் பேராசிரியர், செய்தி கேட்ட மறுநாளே வாகனம் ஒன்றை ஒழுங்கு செய்து வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டையோடு வந்தவர், வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் குழிக்குள் நின்றார். நாங்கள் நூல் கட்டினோம், சாந்தகப்பையால் மண்ணைச் சுரண்டினோம், தூரிகையால் துடைத்தோம், அரிதட்டில் அரித்தோம். நூலும் கட்டையும் முழங்காலில் நிற்கும் மனிதரும் தெரிந்தால் அந்த ஊர்ச் சனத்துக்கு வேறொன்றுதான் நினைவுக்கு வரும். வீதியால் போனவர்கள் சைக்கிளை நிறுத்தித் தூரத்திலேயே நின்று "வெடியோ?" என்று கேட்டார்கள். கோயிலுக்குப் போகும் கிழவிகள் வேறு பாதையால் சுற்றிப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் மறுமொழி சொல்லி அலுத்துப்போன அக்கா, மூன்றாம் நாள் ஒரு தகரத் துண்டில் வள்ளத்துக்குப் பூசும் நீல நிறத்தால் எழுதிப் படலையில் தொங்கவிட்டார்: 'வெடி இல்லை. பானை. வந்து பாக்கலாம்.' பலகை நடக்கூடாது என்று கந்தோரில் சண்டை பிடித்தவர் அவர்தான்.

சனம் வந்தது. அக்கா அகப்பையை நீட்டி நீட்டி விளக்கம் கொடுத்தார். முதல் நாள் அது பழைய காலத்துக் கிணறாக இருந்தது. இரண்டாம் நாள் நல்ல தண்ணிக் கிணறானது. கிழமை முடிவதற்குள் ஓர் இளவரசி அதில் குளித்துவிட்டாள். எந்த நாட்டு இளவரசி என்று யாரோ கேட்டபோது, "அதைத்தான் பிள்ளை படிச்சுக்கொண்டிருக்குது" என்று என்னைக் காட்டினார். சேர் குழிக்குள் குனிந்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

ஒரு பிற்பகல், நாங்கள் ஏழெட்டு வளையங்கள் ஆழத்துக்குப் போயிருந்தபோது, வானம் சொல்லாமல் கொள்ளாமல் கறுத்தது. காற்று திரும்பியது. குழியின் சுவர் வெறும் மணல். மழை உள்ளே இறங்கினால் சுவர் சரிந்து எல்லாம் மூடிவிடும். எங்களிடம் இருந்த தறப்பாள் பாதிக் குழியைத்தான் மூடியது. நான் என்ன செய்வதென்று தெரியாமல் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருக்க, பின்னால் படபடவென்று சத்தம் கேட்டது. அக்கா அடுப்படியின் மேலிருந்த தறப்பாளைக் கயிற்றோடு அறுத்து இழுத்துக்கொண்டு வந்தார். அத்தான் அதன் மறு முனையைப் பிடித்தார். அவர்கள் அதைக் குழியின் மேல் விரித்துக் கல்லு வைத்து முடிப்பதற்கும் மழை கொட்டுவதற்கும் சரியாக இருந்தது. அடுப்பு அணைந்தது. உலையில் இருந்த சோற்றுக்குள் மழை பெய்தது. நான் நனைந்தபடி அக்காவைப் பார்த்தேன். "என்ன பாக்கிறீர்? கிடங்கு இடிஞ்சால் முதலில இருந்தெல்லோ வெட்டோணும்" என்றார். எல்லோரும் கொட்டிலுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்து அன்று மாலை பாணும் சம்பலும் சாப்பிட்டோம். சேரின் வெள்ளைச் சட்டை அதற்குப் பிறகு வெள்ளையாகவே இருக்கவில்லை.

குழி தப்பியது. ஆனால் மேலும் இறங்க இறங்க எனக்குள் ஒரு சந்தேகம் வளர்ந்தது. வளையங்களுக்குள் நிறைந்திருந்த மண் கருமையாக, எண்ணெய்ப் பசையோடு இருந்தது. அதற்குள் மீன் முள், சிப்பி, உடைந்த சட்டி, கரி. கடைசி வளையத்தைத் துப்புரவாக்கியபோது அதன் கீழே தண்ணீர் ஊறும் மண் இல்லை. அடியில் துளையிட்ட பானைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் கீழே சுத்தமான உலர்ந்த மணல். அக்காவின் கிணற்றில் தண்ணீர் அதைவிட எவ்வளவோ ஆழத்தில் கிடந்தது. தண்ணீருக்காகத் தோண்டியவர்கள் தண்ணீர் வருவதற்கு முன்பே நிறுத்தியிருக்க மாட்டார்கள். சேர் அதுவரை கிணறு என்றே எழுதிக்கொண்டிருந்தார். நான் பயந்து பயந்து சொன்னேன். அவர் துளையிட்ட பானையையும் என்னையும் பார்த்தார். பேனாவை மூடினார். "கழிவுநீர் இறங்குற குழி! பிள்ளை, இது கிணற்றைவிட நல்லது. கிணறு எங்கையும் கிடைக்கும்" என்று குழிக்குள்ளேயே இரண்டு கைகளையும் தட்டினார்.

மிஞ்சியது அக்காவுக்குச் சொல்லும் வேலை. சேர் அதை மிகுந்த பெருந்தன்மையோடு என்னிடம் விட்டுவிட்டார். அக்கா அப்போது படலையடியில் நின்று இரண்டு பெண்களுக்கு இளவரசியின் தலைமுடி எவ்வளவு நீளம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் போகும்வரை காத்திருந்தேன்.

"அக்கா, அது கிணறில்லை."

"பின்னை?"

"ஊத்தைத் தண்ணி இறங்கப் போட்டது. எங்கட பாசையில சொன்னால், பழைய காலத்துக் கக்கூசுக் கிடங்கு மாதிரி."

அக்காவின் வாய் திறந்தபடி நின்றது. நான் அடுத்து என்ன வருமோ என்று காத்திருந்தேன். அவர் குழியைப் பார்த்தார், அடுக்கிக் கிடந்த சீமெந்து வளையங்களைப் பார்த்தார், பிறகு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணீர் வழிந்தது. "அப்ப அந்தச் சனத்துக்கும் இந்த மூலைதானோ கிடைச்சது!" என்று மூச்சு வாங்கினார். அத்தானைக் கூப்பிட்டுச் சொன்னார், பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொன்னார், போன பெண்களைத் திரும்பக் கூப்பிட்டுச் சொன்னார். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு இளவரசி குளிக்கவில்லை. அவள் அங்கே வேறு காரியத்துக்கு வந்தாள்.

என் ஆய்வேட்டின் போக்கு அந்தக் குழிக்குள்தான் மாறியது. கப்பல்களையும் வணிகரையும் தேடிப் போன நான், மீன் முள்ளையும் கரியையும் எண்ணத் தொடங்கினேன். அதே கரையில் யாரோ ஒரு குடும்பம் மீன் கழுவியிருக்கிறது, சட்டி கறுத்ததென்று உரைத்திருக்கிறது, ஊத்தைத் தண்ணீர் முற்றத்தில் தேங்காமல் எங்கே விடுவது என்று யோசித்திருக்கிறது. அந்த யோசனையில் யாரோ இருவருக்குள் சண்டை வந்திருக்கும். தோண்டியவர் முதுகு வலிக்கிறது என்று முனகியிருப்பார். எந்த அரசன் காலம் என்று கேட்டால் நான் மண்ணடுக்கைக் காட்டி மறுமொழி சொல்வேன். ஆனால் அந்த மனிதர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று கேட்டால், அக்காவின் அடுப்படியில் இருந்து சாப்பிட்ட நாட்கள்தான் எனக்கு நினைவுக்கு வரும். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியை ஒருவர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "இந்த இடத்தை எந்த அடிப்படையில் தெரிவு செய்தீர்கள்?" என்று கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன். அறையில் இருந்த மூவரும் சிரித்து முடிப்பதற்குச் சற்று நேரம் எடுத்தது. பட்டம் கிடைத்தது. அப்பா அந்த ஆய்வேட்டைக் கையில் வாங்கி, பாரத்தை நிறுத்துப் பார்ப்பதுபோல் ஏந்தி, "இவ்வளவும் ஒரு கக்கூசைப் பற்றியோ?" என்று கேட்டார். பிறகு அதை அலுமாரியில், காணி உறுதிப் பத்திரங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினார்.

இப்போது நான் அதே பாடத்தைக் கற்பிக்கிறேன். வளையங்கள் எங்கள் பல்கலைக்கழகச் சேகரிப்பில், அடுக்கியபடியே நிற்கின்றன. விடத்தல்தீவில் இன்று தகரக் கொட்டில்களைக் காண்பது அரிது. அந்த வீதியில் ஓடும் மோட்டார் சைக்கிள்காரர்கள் யாரும் நூலையும் கட்டையையும் கண்டால் நின்று 'வெடியோ?' என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியையே அறியாத பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அக்காவும் அத்தானும் சின்னவளின் கலியாணத்துக்குச் சொல்ல யாழ்ப்பாணம் வந்தபோது சேகரிப்பைப் பார்க்க வந்தார்கள். என் மாணவர்கள் நின்ற அறைக்குள் நுழைந்து, "இது எங்கட வீட்டுச் சாமான்" என்று அக்கா தொடங்கினார். அன்றைய விரிவுரையை நான் எடுக்கவில்லை.

ஆனால் அக்காவின் புது வீட்டைச் செபம் சொல்லி மந்திரித்த நாளைச் சொல்லாமல் இதை முடிக்க மனம் வரவில்லை. தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து குழியைப் பார்த்தபோது, "இவ்வளவு நேராக் கிடங்கு வெட்டினதை நான் இந்த மாவட்டத்திலேயே காணேல்லை. மேசன் ஆர்?" என்று கேட்டாராம். பல்கலைக்கழகம் என்று அக்கா சொல்லியிருக்கிறார். அவர் நம்பவில்லை. சீமெந்து வளையங்கள் இறங்கின. பொருட்கள் வந்தன. மாரி போய்ப் பனி தொடங்கும் நேரத்தில் வீடு எழும்பிவிட்டது. மூன்று அறைகள், சிவப்பு ஓடு, பின் மூலையில் தகரக் கதவு போட்ட ஒரு சின்னக் கட்டடம்.

வீடு மந்திரித்த அன்று காலை பங்குத்தந்தை வந்து ஒவ்வோர் அறையாகச் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். முடித்துவிட்டுப் புறப்பட்டவரை அக்கா விடவில்லை. "ஃபாதர், அங்கையும் ஒருக்கா" என்று பின் மூலையைக் காட்டினார். பங்குத்தந்தை ஒரு கணம் தயங்கினார். பிறகு சிரித்துக்கொண்டே நடந்து போய், அந்தக் கதவுக்கும் கூரைக்கும் நிலத்துக்கும் தாராளமாகத் தெளித்தார். ஊரவர் தேநீர்க் கோப்பைகளோடு முற்றத்தில் நின்றார்கள். "பிள்ளை, நீர்தானே கிண்டினது. நீரே முதல் போம்" என்று அக்கா என்னைப் பிடித்துத் தள்ளினார். அத்தனை பேர் பார்த்திருக்க எனக்குக் கால் எழவில்லை. "மூத்தவள் போகட்டும், அக்கா" என்றேன்.

மூத்தவள் புதுச் சட்டை போட்டிருந்தாள். எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, நிமிர்ந்து நடந்து போய் உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினாள். உள்ளே கொண்டி விழும் சத்தம் கேட்டது. சனம் தங்கள் கதையைத் தொடர்ந்தது. கேக் வெட்டினார்கள். இரண்டாம் தரமும் தேநீர் வந்தது. கதவு திறக்கவில்லை. சின்னவள் பொறுமையிழந்து கதவடிக்குப் போனாள்.

"அக்கா! உள்ளுக்க என்ன செய்யிறாய்?"

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஒண்டுமில்லையடி. சும்மா நிக்கிறன்."

சின்னவள் கதவைத் தட்டக் கையை ஓங்கினாள். முற்றத்தில் நின்ற அக்கா விரைந்து போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடு. அவள் நிக்கட்டும்" என்றார்.